கடல் கைவிட்ட கரைகள்

சேர்வராயன் மலையில் வாழ்பவர்களுக்குக் கடல் ஒரு கேள்விப்பட்ட பொருள் மட்டுமே. ஏற்காட்டை அடுத்த தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் விடியற்காலையில் நின்றால், மூடுபனி பள்ளத்தாக்கை விளிம்புவரை நிரப்பி நிற்பதையும், வெயில் ஏறியதும் சத்தமின்றி வடிந்து கீழே மரங்களைக் காட்டுவதையும் காணலாம். எங்கள் வாசிப்பு வட்டத்தின் மூத்த நண்பர் ஒருவர் இதனை 'மலையோதம்' என்று குறிப்பிடுவார். பொருநைக் கழிமுகத்தை ஒட்டிய சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பணி நிமித்தம் மலையேறி, ஓய்வுக்குப் பின்னரும் இங்கேயே தங்கிவிட்டவர் அவர். நாங்கள் மேற்கொண்ட ஒரு பயணத்திற்கும், இக்கட்டுரைக்கும் காரணம் அவர் எழுப்பிய ஒரு கேள்விதான்.

மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வட்டத்தில் அப்போது 'பெரிப்ளூஸ்' நூலை வாசித்துக்கொண்டிருந்தோம். கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்கமொழி வணிகர் அல்லது மாலுமி ஒருவர் செங்கடல் தொடங்கி இந்தியக் கரைகள்வரை தாம் அறிந்த துறைமுகங்களைப் பற்றி எழுதிவைத்த கையேடு அது. தம் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. முத்துக்குளிக்கும் கொற்கையைப் பற்றிய பகுதி வந்தபோது, எங்களுள் இளையவர் ஒருவர், "கொற்கையையும் புகாரைப் போலக் கடல் கொண்டுவிட்டது அல்லவா ஐயா?" என்று கேட்டார். மூத்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கொற்கையைக் கடல் கொள்ளவில்லை தம்பி. கைவிட்டுவிட்டது. நான் சிறுவயதில் அங்கே வயலில்தான் விளையாடியிருக்கிறேன். நாம் ஏன் எல்லாவற்றையும் கடல் கொண்டது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?" என்றார்.

அதே நூலில் கொற்கைக்குப் பல பக்கங்கள் முன்னதாக, கடல் வருவதையும் போவதையும் பற்றி அந்த மாலுமி வியந்தும் அஞ்சியும் எழுதிய சில பத்திகள் உண்டு. அவை இன்றைய குஜராத்தின் காம்பே வளைகுடாவை, அதாவது கம்பாத் வளைகுடாவைப் பற்றியவை. கடல் ஒரு கரையைக் கைவிடுவது எப்படி நிகழ்கிறது என்பதைக் காண அதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. ஓர் அமாவாசையைக் கணக்கிட்டு, நாங்கள் ஐவர் மலையிறங்கிச் சேலம் வழியாகச் சென்னை சென்று அகமதாபாத் இரயிலில் ஏறினோம்.

ஓதம் என்னும் சொல்

தமிழில் கடலின் ஏற்றவிறக்கத்தைக் குறிக்க 'ஓதம்' என்னும் பழஞ்சொல் உண்டு. ஈழத்தில் 'வற்றுப்பெருக்கு' என்பர். சொல் இருப்பினும், தமிழகக் கரையில் நிற்பவன் அதன் முழுப்பொருளை உணர்வது அரிது. நம் கரையின் பெரும்பகுதியில் ஓதத்தின் வீச்சு ஒரு மீட்டரை ஒட்டியே அமைகிறது. இராமேசுவரம் பக்கம் அதனினும் குறைவு. கரையில் கட்டிய படகு காலையில் சற்று மேலும் மாலையில் சற்றுக் கீழுமாக ஆடும், அவ்வளவே.

கம்பாத் வளைகுடாவின் கதை வேறு. தெற்கே அகன்று வடக்கே குறுகிச் செல்லும் புனல் போன்ற வடிவம், ஆழமும் குறைவு. அரபிக்கடலிலிருந்து உள்நுழையும் நீர், பக்கவாட்டில் ஒதுங்க இடமின்றி மேல்நோக்கி எழுகிறது. பாவ்நகர் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஓத வீச்சு 10 மீட்டரைத் தாண்டும். மூன்று மாடிக் கட்டட உயரம் என்று சொன்னால் எளிதில் விளங்கும். இந்தியக் கரையில் இதுவே மிகப் பெரிது. உலக அளவிலும் பெரிய வீச்சுகளுள் ஒன்று. சபர்மதி, மாஹி, நர்மதை, தபதி ஆகிய ஆறுகள் இவ்வளைகுடாவில் கலக்கின்றன. ஆறுகள் கொணரும் வண்டலை ஓதம் நாளுக்கு இருமுறை கலக்கி, எடுத்து, வேறிடத்தில் இடுகிறது. இக்கரையின் நாலாயிரம் ஆண்டு வரலாறு நீரும் வண்டலும் சேர்ந்து செய்த இந்த வேலையோடு பின்னிக்கிடக்கிறது.

பரிகாசாவின் வழிகாட்டிகள்

இரயில் சூரத்தைக் கடந்து நர்மதைப் பாலத்தில் ஏறியதும் சன்னலோரம் கூடினோம். மறுகரையில் தெரியும் பரூச் நகரமே கிரேக்கர் 'பரிகாசா' என்றழைத்த பழந்துறை. நம் நூல்கள் பிருகுகச்சம் என்னும். ஆற்றில் நீர் ஒருபுறம் ஒதுங்கியிருக்க, ஈரமான சாம்பல்நிறச் சேறு பரந்து கிடந்தது.

பெரிப்ளூஸ் ஆசிரியர் இந்த முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்வதன் சாரம் இது: வளைகுடா குறுகலானது, திட்டுகள் நிறைந்தது, ஆற்றின் வாயைக் கண்டுபிடிப்பதே கடினம், கண்டுபிடித்தாலும் உள்ளே போவது அதனினும் கடினம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம் பெருகும்போது, சற்றுமுன் தரையாக இருந்த இடம் கடலாகிறது. சற்றுமுன் கடலாக இருந்த இடம் தரையாகிறது. நீர் உள்நுழையும் பேரொலியைத் தொலைவிலிருந்து வரும் படையின் ஆரவாரத்தோடு அவர் ஒப்பிடுகிறார். நங்கூரம் தாங்காது, கப்பல்கள் பக்கவாட்டில் சாய்ந்து கவிழும்.

மத்தியதரைக்கடல் மக்களுக்கு ஓதம் புதிது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவர்களுடைய கடலிலும் நம்முடையதைப் போலவே ஏற்றவிறக்கம் சிறிது. கி.மு. 325இல் சிந்து முகத்துவாரத்தை அடைந்த அலெக்சாந்தரின் கப்பற்படை, திடீரென வடிந்த நீரால் தரைதட்டித் திகைத்ததை அரியன் என்னும் வரலாற்றாசிரியர் பதிவுசெய்துள்ளார். உலகை வென்று வந்த படை, அன்றாடம் இருமுறை நிகழும் ஒன்றின் முன் செய்வதறியாது நின்றது.

இதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது. பரிகாசாவின் அரசனிடம் பணிபுரிந்த உள்ளூர் மீனவர்கள், திரப்பகா, கொட்டிம்பா என்னும் பெரும்படகுகளில் சௌராட்டிரக் கரைவரை சென்று, வரும் கப்பல்களை எதிர்கொண்டு அழைத்து வருவார்களாம். திட்டுகளினூடே வழிகாட்டி, பெருக்கு வரும்போது கப்பலை இழுத்துச் சென்று, வற்று தொடங்குமுன் குறிப்பிட்ட ஆழமான இடங்களில் நிறுத்தி, அடுத்த பெருக்கில் மீண்டும் இழுத்துப் பரிகாசாவில் சேர்ப்பார்களாம். துறைமுக வழிகாட்டிப் பணியை இவ்வளவு விளக்கமாகச் சொல்லும் பழம்பதிவுகள் மிகச் சிலவே.

உரோமானியரின் மது, செம்பு, பவளம் இவ்வழி வந்தன. உஜ்ஜயினியிலிருந்தும் பைத்தானிலிருந்தும் வண்டிகளில் இறங்கிய மணிக்கற்களும் துணிகளும் இவ்வழி போயின. அரசன் பெயர் நூலில் இருக்கிறது. வணிகப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது. அப்பலோடோட்டஸ், மெனாந்தர் ஆகிய கிரேக்க மன்னர்களின் பழங்காசுகள் அவ்வூரில் இன்னும் புழங்கியதுகூட இருக்கிறது. இத்தனையும் எந்த அறிவின் மேல் மிதந்து வந்தனவோ, அந்த அறிவை உடைய மீனவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இன்று பரூச்சில் வேறொரு மாற்றத்தைக் காண்கிறோம். மேலே சர்தார் சரோவர் அணை எழுந்தபின் ஆற்றில் இறங்கும் நன்னீர் குறைந்து, கடல்நீர் உள்ளேறுகிறது. கழிமுகத்தில் இல்லிஷ் மீனை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் வலைக்கு வரும் மீன் குறைந்துபோனதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். ஓதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அழைத்துவரக் கப்பல்தான் இல்லை.

இரு கரம் நீட்டிய நகரம்

பரூச்சிலிருந்து வடோதரா வழியாகக் கம்பாத் சேர்ந்தோம். வளைகுடாவுக்குப் பெயர் தந்த நகரம் இது; இன்று அமைதியான சிறுநகரம். 1325இல் கட்டப்பட்ட ஜாமி மசூதியின் கல் முற்றத்தில் நின்றபோது, இவ்வூர் ஒருகாலத்தில் என்னவாக இருந்தது என்பதை ஓரளவு ஊகிக்க முடிந்தது.

10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த அரபுப் பயணி அல்மசூதி, தாம் கண்ட ஒரு காட்சியை எழுதியுள்ளார். நீர் வடிந்த மணலில் ஒரு நாய், பெருக்கு வந்தது, நாய் தன் வலிமையெல்லாம் கூட்டி ஓடியும் நீர் அதனை முந்திவிட்டது. 1342இல் இங்கு வந்த இப்னு பதூதா, வற்றின்போது கப்பல்கள் சேற்றில் கிடப்பதையும் பெருக்கில் மிதந்து எழுவதையும் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியரான தோமே பிரெசு, கம்பாத் ஒரு கரத்தை ஏடனுக்கும் மறு கரத்தை மலாக்காவுக்கும் நீட்டியிருப்பதாக எழுதினார். அது வெறும் உயர்வுநவிற்சி அன்று. கம்பாத்தில் செதுக்கிய சலவைக்கல் நடுகற்கள் சுமத்திராவின் பாசை வரையிலும், சாவகத்தின் கிரெசிக் வரையிலும் சென்றுள்ளன.

1572இல் குஜராத்தை வென்ற அக்பர் முதன்முதலாகக் கடலைக் கண்டது இவ்வூரில்தான். ஆனால் அவர் மகன் ஜகாங்கீர் 1617இல் வந்தபோதே நிலைமை மாறியிருந்தது. பெருங்கப்பல்கள் கம்பாத்தை நெருங்க இயலாமல் எதிர்க்கரையில் கோகாவில் நின்றுவிட, சரக்குகள் சிறு படகுகளில் மாற்றி ஏற்றப்பட்டு ஓதத்தோடு ஊருக்குள் வந்தன. வண்டல் ஏறிக்கொண்டிருந்தது. வணிகம் சூரத்துக்கு நகர்ந்தது. அங்கும் தபதி ஆழமின்றிப் போகவே, பெருங்கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே சுவாலியில் நின்றன. பின்னர் எல்லாம் பம்பாய்க்குச் சென்றது. மண் மட்டுமே இதற்குக் காரணமன்று. முகலாயப் பேரரசின் தளர்வு, மராட்டியப் படையெடுப்புகள், ஆங்கிலேயரின் கணக்குகள் ஆகிய யாவும் உண்டு. எனினும் ஆழ்கடலைத் தேடித் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்த அந்தத் திசை தெளிவானது.

கடைத்தெருவில் அகீக் மணி தேய்ப்பவர்களைக் கண்டோம். இரத்தன்பூர்ப் பக்கத்துக் கல்லைச் சுட்டுச் சிவப்பாக்கித் துளையிட்டு மெருகேற்றும் இக்கலை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானது. எங்கள் சேலத்துக்கு அப்பால், சென்னிமலை அருகிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த சூதுபவள மணிகளுக்கான கல் குஜராத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சேர்வராயன் மலையிலிருந்து இத்தனை தொலைவு வந்தவர்களுக்கு, அந்தச் சிவப்பு மணி ஒன்றைக் கையில் எடுத்தபோது அன்னிய ஊரில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஊருக்கு வெளியே கடலைத் தேடிச் சென்றோம். உவர்த்தரை, அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஒரு வெண்கோடு. ஏடனுக்கும் மலாக்காவுக்கும் நீட்டிய கரங்கள் இரண்டும் அந்தச் சேற்றில்தான் புதைந்திருந்தன.

குளமா, துறையா?

அங்கிருந்து மேற்கே சபர்மதியைக் கடந்து லோத்தல் சென்றோம். 1954இல் எஸ். ஆர். ராவ் கண்டறிந்து, 1955 முதல் 1960 வரை அகழ்ந்த சிந்துவெளி நகரம் இது. பின்னாளில் பூம்புகார்க் கடலடி ஆய்வுகளுக்குத் தலைமையேற்றவரும் இவரே என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 35 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட சுட்ட செங்கல் தொட்டி ஒன்று அங்குள்ளது. அதனை ராவ் கப்பல் தளம் என்றார். பெருக்கின்போது கலங்கள் உள்நுழையும். வற்றின்போதும் கலங்கள் மிதக்கும்படி நீரைத் தேக்கி வைக்க வாய்க்காலும் அடைப்பும் இருந்தன என்பது அவர் விளக்கம். 1968இல் லெஷ்னிக் என்னும் ஆய்வாளர் இதனை மறுத்து, இது பாசனத்துக்கான நீர்த்தேக்கமாகவே இருக்கலாம் என்றார். விவாதம் அரைநூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2024இல் காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பழைய நிலவரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, சபர்மதி அன்று லோத்தலை ஒட்டி ஓடியதற்கான தடங்களைக் காட்டியது, துறை என்னும் வாதத்துக்கு வலுச்சேர்த்துள்ளது.

இன்று அந்தத் தொட்டியைச் சுற்றி வயல்கள். கடல் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆறும் இடம் மாறிவிட்டது. "இதை ஏன் ஐம்பது வருடம் சந்தேகித்தார்கள் தெரிகிறதா?" என்று மூத்தவர் கேட்டார். "கண்முன் கடல் இல்லை. கடல் இல்லாத இடத்தில் துறைமுகம் இருந்தது என்று நம்புவதற்கு மனம் ஒப்புவதில்லை." தண்ணீர் வந்து மூழ்கடித்த ஊரை நம்புவது எளிது, தண்ணீர் போய்விட்ட ஊரை நம்புவதற்குச் சான்று கேட்கிறோம் என்பது அவர் கருத்து.

கோலியாக் கரையில் அமாவாசை

பாவ்நகரை அடைந்த மறுநாள் அமாவாசை. 1723இல் கோகில் அரசர் பாவ்சிங் நிறுவிய இந்நகரின் துறைமுகத்தில், வற்றின்போது கப்பல்கள் தரைதட்டாதிருக்க நீரைத் தேக்கிவைக்கும் அடைப்புக் கதவு ஒன்று அமைத்துள்ளனர். லோத்தலுக்கு ராவ் சொன்ன உத்தியை இங்கே இரும்பில் கண்டோம்.

நகரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் உள்ள கோலியாக் சிற்றூருக்குச் சென்றபோது கடல் முற்றும் வடிந்திருந்தது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஒரு மேடையும் கொடிமரமும் தெரிந்தன. நிஷ்களங்க மகாதேவர் கோயில். பாரதப்போரின் பழி நீங்கப் பாண்டவர் ஐவரும் வழிபட்ட இடம் என்பது தலபுராணம். மேடையில் ஐந்து இலிங்கங்கள். ஆவணி அமாவாசையை ஒட்டி நடக்கும் பாத்ரவித் திருவிழாவில் கொடி மாற்றுவர். பெருக்கில் மேடை மூழ்கிக் கொடி மட்டும் நிற்கும்.

தேநீர்க் கடைக்காரரிடம் எங்கள் அரைகுறை இந்தியில் எப்போது திரும்ப வேண்டும் என்று கேட்டோம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திதியைச் சொல்லி, விரல் மடக்கிக் கணக்கிட்டார். அட்டமியில் கடல் சோம்பிக் கிடக்கும், அமாவாசையில் அதை நம்பாதீர்கள் என்றார். பெருக்குக்குக் குஜராத்தியில் 'பர்தி', வற்றுக்கு 'ஓட்'. பின்னது நம் ஓதத்தைப் போலவே காதில் விழுந்தாலும் பொருள் நேர் எதிராக இருந்தது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

சேற்றில் கால் புதைய நடந்து சென்று வழிபட்டுத் திரும்பும் வழியில்தான் ஒன்றை உணர்ந்தோம். பெருக்கு முன்னாலிருந்து அலையாக வரும் என்று எண்ணி நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அப்படி வரவில்லை. முதலில் எங்களுக்கும் கரைக்கும் இடையிலிருந்த சிறு ஓடைகளில் நீர் ஊறத் தொடங்கியது. கணுக்கால் அளவு, சற்று நேரத்தில் முழங்கால் அளவு. கரையிலிருந்து ஒரு பெண்மணி கையை வீசி எங்களை விரைவுபடுத்தினார். மூத்தவரை இருபுறமும் பிடித்துக்கொண்டு கரையேறினோம். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நடந்த தடம் இல்லை. இன்னும் சிறிது நேரத்தில் மேடையும் இல்லை. கொடி மட்டும் இருந்தது.

அல்மசூதி கண்ட நாயை நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கரையேறும் கப்பல்கள்

பாவ்நகருக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் ஆலங். 1983 முதல் இங்குக் கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. உலகின் மிகப் பெரிய கப்பல் உடைப்புத் தளங்களுள் ஒன்று. ஆயுள் முடிந்த கப்பலைப் பேரோத நாளின் உச்சப் பெருக்கில் முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்தி மணலில் ஏற்றிவிடுகிறார்கள். நீர் வடிந்ததும் கப்பல் வயிறு தெரியத் தரையில் நிற்கும், வேலை தொடங்கும். உலர்தளம் கட்டும் செலவை நிலவே ஏற்றுக்கொள்கிறது. இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விராட் 2020 செப்டம்பரில் இவ்வாறே கரையேற்றப்பட்டது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பல்களைக் காப்பாற்றப் பயன்பட்ட அதே ஓத அறிவு இன்று அவற்றை முடித்துவைக்கப் பயன்படுகிறது. அஃது ஒருபுறம். இரும்பை அறுக்கும் வேலையில் ஈடுபடும் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்களின் பாதுகாப்பையும், கரையில் கலக்கும் நச்சுப்பொருள்களையும் பற்றி நீண்டகாலமாக விவாதம் நடந்துவருகிறது. கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்துள்ளது. உடைபட்ட கப்பல்களின் பெயர்கள், எடைகள், வந்த நாள்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றை அறுத்த கைகளைப் பற்றி நாளை ஒருவர் அறிய விரும்பினால் எங்கே தேடுவார் என்று நாங்கள் எண்ணிப்பார்த்தோம். பரிகாசாவின் மீனவர்களுக்குப் பிறகும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

வண்டலும் ஓய்ந்துவிடவில்லை. ஜகாங்கீர் காலத்துப் பெருங்கப்பல்கள் நின்ற கோகாவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள தகேஜுக்கு 2017 அக்டோபரில் படகுப் போக்குவரத்தைத் தொடங்கினர். தகேஜ்ப் பக்கம் மண் ஏறி ஆழம் குறைந்ததால் அது தடைப்பட்டது. 2020 நவம்பரில் கோகாவிலிருந்து தெற்கே ஹசீராவுக்கு வழியை மாற்றினர். நவீன இயந்திரங்களோடு வந்தவர்களுக்கும் நர்மதையின் வாய் பழைய பாடத்தையே சொல்லிற்று.

கொற்கைக்குத் திரும்புதல்

திரும்பும் இரயிலில் எங்கள் பேச்சு முழுவதும் கொற்கையைப் பற்றியே இருந்தது.

பாண்டியரின் முத்துத்துறையாகப் பெரிப்ளூஸும் தாலமியும் குறிப்பிடும் கொற்கை, இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது. தாமிரபரணியின் வண்டல் கரையைக் கிழக்கே தள்ள, துறை காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயலும் பின்னர் மண்மேடிட்டுப் பழையகாயலாயிற்று. போர்த்துக்கீசியர் காலத்தில் முத்து வணிகம் தூத்துக்குடியில் நிலைகொண்டது. கொற்கை, காயல், தூத்துக்குடி என்னும் இந்த வரிசையையும் பரூச், கம்பாத், சூரத், பம்பாய் என்னும் அந்த வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே கதை இருமுறை நிகழ்ந்திருப்பது புரியும். ஓதம் பெரிதாயினும் சிறிதாயினும் ஆற்றுவாயில் அமைந்த துறைக்கு ஆறே வாழ்வும் முடிவும் ஆகிறது.

ஆயினும் இக்கதை நம் நினைவில் ஏன் இல்லை? நம்மிடம் கடல்கோள் கதைகள் நிறைய உண்டு. இந்திரவிழா மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. குமரிநிலம் மூழ்கியது பற்றிய செய்திகள் உரையாசிரியர் காலம் தொட்டு வழங்குகின்றன. இந்த நினைவை வெறும் கற்பனை என்று தள்ளவும் இயலாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் 2004 டிசம்பர் 26ஆம் நாளையும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். கடல் சீறி எழுந்து கொண்டுபோவதை மக்கள் மறப்பதில்லை. அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு காரணம் கற்பிக்கலாம், ஒரு தெய்வத்தைக் குறைசொல்லலாம்.

கடல் விலகிப்போவதற்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஒரு தலைமுறையில் கப்பல் சற்றுத் தள்ளி நிற்கிறது. அடுத்த தலைமுறையில் சிறுபடகு வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த தலைமுறையில் வணிகன் மகன் வேறூருக்குக் குடிபெயர்கிறான். படகோட்டியின் மகன் ஏர் பிடிக்கிறான். அழிவு என்று எவரும் அதனைப் பெயரிட்டு அழுவதில்லை. அதனாலேயே அது வரலாற்றில் இடம்பெறாமல் போகிறது. கொற்கையின் வயலில் விளையாடிய சிறுவனுக்கு அது துறைமுகம் என்பதை ஒரு பாடநூல் சொல்ல வேண்டியிருந்தது. 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. 2021இல் மீண்டும் அகழ்ந்தது. மண்ணுக்கடியில் அறுத்த சங்குகளும் பானை ஓடுகளும் காத்துக்கொண்டுதான் இருந்தன. ஊர் எங்கும் போய்விடவில்லை, கடல்தான் போய்விட்டது.

எங்கள் மலைக்கும் இப்பாடம் அன்னியமானதன்று. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பதை ஏற்காட்டில் எல்லோரும் சொல்வர். அந்தப் பெயர் எங்கும் எழுதப்பட்டுள்ளது. காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களின் பெயர்கள் இல்லை. அவர்களுக்கும் ஒருநாளில் எதுவும் மூழ்கிவிடவில்லை. மெல்ல மெல்ல அவர்களுடைய நிலம் அவர்களிடமிருந்து விலகியது. வரலாறு எழுதுவோர் பேரலைகளைத் தேடும் அளவுக்கு வண்டலையும் தேட வேண்டும் என்பதே இப்பயணம் எங்களுக்குக் கற்பித்தது.

மலையேறிய மறுநாள் காலை தலைச்சோலையில் கூடினோம். பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பியிருந்தது. வடியும்வரை நின்று பார்த்தோம். "அடுத்த கூட்டம் கொற்கையில் வைத்துக்கொள்வோமா ஐயா?" என்று இளையவர் கேட்டார். "வைத்துக்கொள்வோம். வயல் வரப்பில் உட்கார்ந்து, துறையில் உட்கார்ந்ததாக எண்ணிக்கொள்வோம்" என்றார் மூத்தவர்.